பிஎச்பி வைத்து ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் ஃபைல்களை நகலெடுப்பது எப்படி? ஷேர்டு ஹோஸ்டிங்கில் புதிதாக வருபவர்களுக்கு

பழைய தளத்தின் படங்கள் ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன. அதே ஹோஸ்டிங் கணக்கில் புதிதாக நிறுவிய தளத்துக்கு அவை வேண்டும். எஸ்எஸ்எச் (சர்வரில் நேரடியாகக் கட்டளை அடிக்கும் வழி) வசதி கிடையாது. ஃபைல் மேனேஜரில் நகலெடுக்கச் சொன்னால் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கிறது. எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரியவில்லை. எஃப்டிபியில் வீட்டுக் கணினிக்கு இறக்கித் திரும்ப ஏற்றலாம் என்றால், ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களுக்கு அது முடிகிற வேலையாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் வேர்ட்பிரஸ் தளத்தை மாற்றும்போது நான் நின்ற இடம் இதுதான். கடைசியில் பிஎச்பியில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதித்தான் வேலை முடிந்தது. நகலெடுக்கும் கட்டளை ஒரே வரிதான். அதைச் சுற்றியிருக்கிற பர்மிஷன் (யார் படிக்கலாம், எழுதலாம், நுழையலாம் என்கிற அனுமதி), பாதை, நேர வரம்பு, ஃபைல் பெயர் ஆகியவைதான் ஆளைப் படுத்தி எடுக்கின்றன. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: ஃபங்ஷன் பெயர்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். ஸ்கிரிப்ட்டில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். சிலவற்றில் மட்டும் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்: is_dir, is_link, disk_free_space, file_get_contents, md5_file.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஹோஸ்டிங் பேனலின் லாகின் வேண்டும். சிபேனலோ வேறு எதுவோ, ஃபைல் மேனேஜரும் க்ரான் ஜாப் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட்டுவது) வசதியும் இருந்தால் போதும்.

இரண்டு ஃபோல்டர்களின் முழுப் பாதையும் வேண்டும். சாய்கோட்டில் தொடங்கி ‘ஹோம்’, உங்கள் பயனர் பெயர், ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ என்று போகிற பாதை அது. பிரவுசரில் தெரிகிற தள முகவரியைப் பாதை என்று நினைத்து ஸ்கிரிப்ட்டில் போட்டுவிட வேண்டாம். புதியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

மூலத்தின், அதாவது நகலெடுக்க வேண்டிய ஃபோல்டரின், பேக்கப் ஒன்று சர்வருக்கு வெளியே, உங்கள் கணினியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கட்டும். அதே சர்வரில் ஜிப் செய்து வைத்தால் அது உங்கள் இடத்தைத்தான் தின்னும். கணக்குக்கு ஏதாவது ஆனால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

2. நகலா, இடமாற்றமா?

உங்களுக்கு உண்மையில் நகல் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோல்டர் இடம் மாறினால் போதும் என்றால் ‘ரீநேம்’ ஃபங்ஷன் இருக்கிறது. பழைய பாதை, புதிய பாதை இரண்டையும் கொடுத்தால், ஒரே டிஸ்க்குக்குள் எத்தனை ஜிபி இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். உள்ளே இருக்கிற ஃபைல்களை அது தொடுவதே இல்லை, பெயர்ப் பதிவை மட்டும் மாற்றுகிறது. கூடுதல் இடமும் வேண்டியதில்லை.

ஆனால் பழைய தளம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ரீநேம் செய்த நொடியே அங்கே படங்கள் காணாமல் போகும். இரண்டும் கொஞ்ச காலம் சேர்ந்து ஓட வேண்டும் என்றால் நகல்தான் வழி. என்னைக் கேட்டால், சந்தேகம் இருக்கும்போது நகலெடுங்கள்.

3. செலவும் இடமும்

மென்பொருளுக்குச் செலவில்லை, பிஎச்பி ஏற்கெனவே சர்வரில் இருக்கிறது. செலவு வந்தால் இடத்துக்குத்தான் வரும். 5 ஜிபி படங்களை நகலெடுத்தால், பழையதை அழிக்கும் வரை 10 ஜிபி தேவை.

எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க ‘டிஸ்க் ஃப்ரீ ஸ்பேஸ்’ என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. ஷேர்டு ஹோஸ்டிங்கில் அதை நம்ப வேண்டாம். அது சொல்வது மொத்த டிஸ்க்கின் காலி இடத்தை. உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய கோட்டா அதற்குத் தெரியாது. நூற்றுக்கணக்கில் ஜிபி இருப்பதாகக் காட்டும், நகலோ பாதியில் நின்றுவிடும். பேனலில் தெரிகிற எண்ணைப் பாருங்கள்.

அதே பக்கத்தில் ஐநோட் என்று இன்னொரு எண் இருக்கலாம். அது உங்கள் கணக்கில் இருக்கிற ஃபைல், ஃபோல்டர்களின் எண்ணிக்கை. பல ஹோஸ்டிங் திட்டங்கள் இதற்கும் வரம்பு வைக்கின்றன. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்தையும் பல அளவுகளில் வெட்டிச் சேமிப்பதால், நீங்கள் ஏற்றிய ஒரு பெரிய புகைப்படம் அங்கே ஆறேழு ஃபைலாக இருக்கும். ஜிபி கணக்கில் இடம் தாராளமாக இருந்தும் ஐநோட் தீர்ந்து நகல் நிற்பது இதனால்தான்.

இடம் போதவில்லை என்றால் உடனே பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். வேர்ட்பிரஸ் படங்களை ஆண்டு, மாத வாரியாகத்தான் அடுக்கி வைக்கிறது. ஒரு ஆண்டை நகலெடுத்து, சரிபார்த்து, பழையதை நீக்கி, அடுத்த ஆண்டுக்குப் போகலாம். நேரம் கூடுதலாகும், காசு மிச்சம். பழைய தளத்தை நிறுத்திவிட்டு, வெளியே பேக்கப்பும் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இந்த யோசனை.

4. ஒற்றை ஃபைலில் ஒத்திகை

‘காப்பி’ ஃபங்ஷனுக்கு இரண்டு மதிப்புகள்: எந்த ஃபைல், எங்கே போக வேண்டும். வெற்றி என்றால் ‘ட்ரூ’, தோல்வி என்றால் ‘ஃபால்ஸ்’ திரும்பி வரும். ஒரே ஒரு படத்தை வைத்து முதலில் இதைச் செய்து பாருங்கள். இந்த ஃபங்ஷனைப் பற்றி நான்கு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

இலக்கில் ஃபோல்டர் பெயரை மட்டும் கொடுத்தால் போதாது, ஃபைல் பெயரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இலக்கு ஃபோல்டர் இல்லையென்றால் அது தானாக உருவாக்கிக்கொள்ளாது.

அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், கேட்காமல் கொள்ளாமல் அதன் மேலேயே எழுதிவிடும். எச்சரிக்கைகூட வராது. அதனால் இலக்காகப் புதிய, காலியான ஃபோல்டரையே வையுங்கள்.

நகலின் தேதி இன்றைய தேதியாகிவிடும். 2014இல் எடுத்த கூட்டப் படம் இன்று உருவானதாகக் காட்டும். தேதிப்படி வரிசைப்படுத்துகிறவர்களுக்கு இது தலைவலி. மூலத்தின் தேதியை ‘ஃபைல்எம்டைம்’ மூலம் எடுத்து, ‘டச்’ ஃபங்ஷனால் நகலுக்குப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

ஒத்திகை முடிந்ததும் ஃபைல் மேனேஜரில் நகலின் உரிமையாளர் யார் என்று பாருங்கள், அந்தப் பத்தி தெரிகிற பேனலாக இருந்தால். உங்கள் பயனர் பெயர் இருந்தால் நிம்மதி. வெப் சர்வரின் பொதுப் பெயர் இருந்தால் நின்றுவிடுங்கள். அந்த நிலையில் நகலெடுத்த ஆயிரக்கணக்கான ஃபைல்களை எஃப்டிபி வழியே உங்களால் அழிக்கவோ மாற்றவோ முடியாமல் போகலாம். க்ரான் வழியே ஓட்டினால் பெரும்பாலும் உங்கள் பெயரிலேயே உருவாகும். ஏழாவது படியைப் பாருங்கள்.

5. ஃபோல்டர் உருவாக்குவதும் அந்த ஒரு சுழியமும்

ஃபோல்டர் உருவாக்க ‘எம்கேடிர்’. பாதை, பர்மிஷன், உள்ளடுக்குகளையும் சேர்த்து உருவாக்க வேண்டுமா என்று மூன்று மதிப்புகள். மூன்றாவதை ‘ட்ரூ’ என்று வையுங்கள். இல்லையென்றால் ஆண்டுக்குள் மாதம் என்று இருக்கிற ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக உருவாக்க வேண்டிவரும்.

இரண்டாவது மதிப்பில்தான் ஆபத்து. பர்மிஷனை 0755 என்று, முன்னால் சுழியம் போட்டு எழுத வேண்டும். வெறும் 755 என்று எழுதினால் பிஎச்பி அதைச் சாதாரணப் பத்தடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். பத்தடிமான 755 என்பது எட்டடிமானத்தில் 1363. அதில் உரிமையாளருக்குக் கிடைப்பது 3, அதாவது எழுதலாம், உள்ளே நுழையலாம், ஆனால் படிக்கும் உரிமை இல்லை. விளைவு: ஃபைல்கள் உள்ளே போய்விடும், ஃபோல்டரைத் திறந்து பட்டியலைப் பார்க்க உங்களுக்கே அனுமதி இருக்காது. எர்ரர் எதுவும் வராததால் காரணத்தைத் தேடி மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

பர்மிஷன் சிக்கல் எது வந்தாலும் 0777 போடச் சொல்லிப் பலர் அறிவுரை கொடுப்பார்கள். கேட்காதீர்கள். சர்வரில் இருக்கிற எவரும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிடுவது அது. தவிர, சில ஹோஸ்டிங்குகளில் 777 உள்ள ஃபோல்டரில் இருக்கிற ஸ்கிரிப்ட்டை ஓட்ட மறுத்து 500 எர்ரர் காட்டும். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. வழக்கமான தளத்துக்கு இதுவே போதும்.

6. முழு ஃபோல்டரையும் நகலெடுக்கும் ஸ்கிரிப்ட்

‘காப்பி’ ஃபங்ஷன் ஃபோல்டரைத் தொடாது. கொடுத்தால் எச்சரிக்கை காட்டித் திருப்பி அனுப்பும். எனவே ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே இன்னொரு ஃபோல்டர் வந்தால் தன்னையே மறுபடி அழைக்கிற ஒரு ஃபங்ஷன் எழுத வேண்டும். அதன் போக்கு இது:

நகலெடு (மூலம், இலக்கு):
— இலக்கு ஃபோல்டர் இருக்கிறதா என்று ‘இஸ்டிர்’ மூலம் பார். இல்லையென்றால் 0755 பர்மிஷனோடு உருவாக்கு.
— மூலத்தின் பட்டியலை ‘ஸ்கேன்டிர்’ மூலம் எடு.
— பெயர் ஒற்றைப் புள்ளியாகவோ இரட்டைப் புள்ளியாகவோ இருந்தால் தாண்டு.
— ‘இஸ்லிங்க்’ ஆம் என்றால் குறிப்பேட்டில் (அதற்கென வைக்கிற தனி ஃபைலில்) எழுதித் தாண்டு.
— ஃபோல்டர் என்றால் அந்த உள்ஃபோல்டருக்கு ‘நகலெடு’வை மறுபடி அழை.
— ஃபைல் என்றால்: அதே பெயரில், அதே அளவில் இலக்கில் ஏற்கெனவே இருந்தால் தாண்டு.
— இல்லையென்றால் காப்பி செய். வெற்றி என்றால் தேதியைப் போடு. தோல்வி என்றால் பாதையைக் குறிப்பேட்டில் எழுது.

ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. ஸ்கேன்டிர் கொடுக்கிற பட்டியலில் ஒற்றைப் புள்ளி என்றால் இதே ஃபோல்டர், இரட்டைப் புள்ளி என்றால் மேல் ஃபோல்டர். அவற்றைத் தாண்டாவிட்டால் ஸ்கிரிப்ட் தன்னையே சுற்றிச் சுற்றி வந்து சர்வரைத் திணறடிக்கும்.

லிங்க் என்பது வேறிடத்தைக் காட்டுகிற குறுக்குவழி. அதைக் காப்பி செய்தால் அது காட்டுகிற ஃபைலின் உள்ளடக்கம் முழுதும் நகலாகிவிடும். ஃபோல்டரைக் காட்டுகிற லிங்க் என்றால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதைக் கையால் பார்த்துக்கொள்வதே நல்லது.

அளவைப் பார்த்துத் தாண்டுகிற வரி மிக முக்கியம். ஸ்கிரிப்ட் பாதியில் நின்றாலும் மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதி எழுதிய ஃபைலின் அளவு குறைவாக இருக்கும் என்பதால் அது மட்டும் மறுபடி நகலாகும். இந்த வரி இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான்.

‘குளோப்’ என்ற ஃபங்ஷனில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபைலையும் ஒரே வரியில் எடுக்கலாம் என்று சொல்வார்கள். எடுக்கலாம்தான், ஆனால் புள்ளியில் தொடங்கும் ஃபைல்களை அது கண்டுகொள்ளாது. தள முகவரிகளைச் சரியான பக்கத்துக்கு அனுப்புகிற டாட் எச்டிஆக்சஸ் ஃபைல் அப்படித்தான் விடுபடும். அப்புறம் புதிய தளத்தில் முகப்புப் பக்கம் மட்டும் திறந்து மற்றதெல்லாம் 404 காட்டும்போது, காரணம் நகலில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

‘ஃபைல் கெட் கன்டென்ட்ஸ்’ மூலம் படித்து எழுதுகிற முறையும் வேண்டாம். அது ஃபைல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும். பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்பு 128 எம்பி. ஒரு பெரிய வீடியோ வந்தால் அதோடு நின்றுவிடும். காப்பி ஃபங்ஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று: இலக்கு ஃபோல்டர் மூலத்துக்கு உள்ளேயே இருக்கக் கூடாது. படங்கள் ஃபோல்டரை அதற்குள் இருக்கிற ‘பேக்கப்’ ஃபோல்டருக்கு நகலெடுத்தால், நகல் தன்னையே நகலெடுத்துக்கொண்டு போகும். கோட்டா நிரம்பும் வரைகூடப் போகலாம்.

முதல் ஓட்டத்தில் காப்பி வரியை முடக்கிவிட்டு, எத்தனை ஃபைல், மொத்தம் எவ்வளவு பைட் என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள். கடைசியில் ஒப்பிட அவைதான் கை கொடுக்கும்.

7. எப்போது, எப்படி ஓட்டுவது

பிரவுசரில் முகவரி அடித்து ஓட்டுவது சின்ன ஃபோல்டருக்குச் சரி. பெரியதற்குச் சரிவராது. பிஎச்பிக்கு இயல்பான நேர வரம்பு 30 விநாடி. லினக்ஸ் சர்வரில் ஃபைல் படித்து எழுதுகிற நேரம் அந்தக் கணக்கில் சேராது என்பது உண்மைதான். ஆனால் வெப் சர்வருக்குத் தனியாக ஒரு பொறுமை வரம்பு இருக்கிறது. பதில் வரவில்லை என்று அது இணைப்பை வெட்டிவிடும், திரையில் 504 வரும்.

க்ரான் வழியே கட்டளை வரி பிஎச்பியாக ஓட்டினால் பிஎச்பியின் நேர வரம்பு இயல்பாகவே இல்லை. ஹோஸ்டிங் நிறுவனம் தன் பங்குக்கு நீண்ட நேரம் ஓடுகிறவற்றை நிறுத்தலாம்; நிறுத்தினால் மறுபடி ஓட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஸ்கிரிப்ட்டை பப்ளிக் எச்டிஎம்எல்லுக்கு வெளியே, ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். உள்ளே வைத்தால் முகவரி தெரிந்த எவரும் அதை ஓட்டலாம். மூலம், இலக்குப் பெயர்களை முகவரியின் வாலில் கொடுக்கிற மாதிரி எழுதுவது இன்னும் மோசம். இரட்டைப் புள்ளி போட்டு மேலே ஏறி, டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கிற ஃபைலைக்கூட ஒருவர் திறந்த இடத்துக்கு நகலெடுத்துவிட முடியும். பாதைகளை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

க்ரானில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது பாதை. பிரவுசரில் ஓட்டும்போது சார்புப் பாதை ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டரிலிருந்து கணக்காகும். க்ரானில் பெரும்பாலும் ஹோம் ஃபோல்டரிலிருந்து கணக்காகும். அங்கே ஓடியது இங்கே ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று சொல்வது இதனால்தான். முழுப் பாதை கொடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. இரண்டாவது நேரம். பல சர்வர்களின் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது. இந்தியாவிலோ இலங்கையிலோ அதிகாலை 2 மணிக்கு ஓட வேண்டும் என்றால் முந்தைய நாள் இரவு 20:30 என்று போட வேண்டும். தளத்துக்கு ஆள் வராத நேரமே நல்லது, ஏனென்றால் நகல் ஓடும்போது தளம் மெதுவாகும். மூன்றாவது, ஓடி முடிந்ததும் க்ரான் பதிவை நீக்குவது. விட்டுவிட்டால் மறுநாள் இரவும் ஓடும். அதற்குள் நீங்கள் புதிய தளத்தில் ஒரு படத்தைத் திருத்தியிருந்தால், அளவு மாறியிருப்பதால் பழைய படம் அதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

குறிப்பேட்டில் எழுதும்போது, இருப்பதோடு சேர்த்து எழுதச் சொல்கிற ‘ஃபைல் அப்பெண்ட்’ கொடி (இதை மட்டும் பெரிய எழுத்தில் FILE_APPEND என்று அடிக்க வேண்டும்) அவசியம். இல்லையென்றால் கடைசி எர்ரர் மட்டும்தான் மிஞ்சும்.

8. தமிழ்ப் பெயருள்ள ஃபைல்கள்

நம் தளங்களில் ‘பொங்கல் விழா’ என்று தமிழிலேயே பெயர் வைத்த படங்கள் நிறைய இருக்கும். ஒரே லினக்ஸ் சர்வருக்குள் நகலெடுத்தால் பெயர் அப்படியே போகும். வீட்டில் விண்டோஸில் சோதிப்பவர்களுக்கு பிஎச்பி 7.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். அதற்கு முந்தையவற்றில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்துபோகும்.

ஃபைல் இருக்கிறது, பெயரும் சரியாகத் தெரிகிறது, ஆனால் படம் வரவில்லை என்றால் எழுத்துகளைச் சந்தேகியுங்கள். ‘பொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சர்வருக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ‘எஸ்டிஆர்லென்’ ஃபங்ஷனில் ‘பொங்கல்’ என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு வகையில் 21 பைட் வரும், இன்னொரு வகையில் 24. டேட்டாபேஸில் ஒரு வகையும் ஃபோல்டரில் இன்னொரு வகையும் இருந்தால் படம் கிடைக்காது. ‘நார்மலைசர்’ வசதியால் எல்லாப் பெயரையும் ஒரே வகைக்குக் கொண்டுவரலாம்.

பெயருக்கு முன்னால் தேதியோ தலைப்போ சேர்த்து நகலெடுக்க நினைத்தால், லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு வழக்கமான உச்சவரம்பு 255 பைட் என்பதை நினைவில் வையுங்கள். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கிறது, ஆக மொத்தம் 85 குறிகள்தான். புள்ளியும் கொம்பும் தனிக் குறிகளாகவே எண்ணப்படும்.

‘பேஸ்நேம்’ ஃபங்ஷன் சர்வரின் மொழி அமைப்பைப் பார்த்து நடப்பது. அமைப்பு பொருந்தாவிட்டால் தமிழ்ப் பெயரில் அது என்ன கொடுக்கும் என்று நம்ப முடியாது. ஸ்கேன்டிர் கொடுக்கிற பெயரையே நேராகப் பயன்படுத்தினால் அதன் தேவையே வராது.

9. சரிபார்த்த பிறகே அழிப்பது

இலக்கில் எத்தனை ஃபைல், எத்தனை பைட் என்று எண்ணி, முன்பு குறித்த எண்களோடு ஒப்பிடுங்கள். குறிப்பேட்டில் எழுதித் தாண்டிய லிங்க்குகளைக் கழித்துக்கொள்ளுங்கள். திரும்ப எடுக்கவே முடியாத படங்கள் என்றால் ‘எம்டிஃபைவ் ஃபைல்’ மூலம் ஒவ்வொரு இணையையும் ஒப்பிடலாம். இரண்டு பக்கமும் முழுதாகப் படிக்க வேண்டும் என்பதால் இதையும் க்ரானில் இரவில் விடுங்கள்.

பிறகு பழைய ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். புதிய தளத்தின் பக்கங்களில் எங்காவது பழைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே படம் உடைந்து தெரியும். டேட்டாபேஸில் அந்த முகவரிகளை மாற்றுங்கள். ஒரு மாதம் புகார் எதுவும் வரவில்லை என்றால் அழிக்கலாம்.

அழிப்பதை ஃபைல் மேனேஜரில் செய்வதே மேல். பிஎச்பியின் ‘ஆர்எம்டிர்’ காலி ஃபோல்டரை மட்டும்தான் நீக்கும். சிபேனலில் அழித்தவை ட்ராஷ் ஃபோல்டருக்குப் போகின்றன, அவையும் கோட்டாவில் சேரும். ட்ராஷைக் காலி செய்து, ஹோம் ஃபோல்டரில் இருக்கிற ஸ்கிரிப்ட்டையும் குறிப்பேட்டையும் உங்கள் கணினிக்கு இறக்கிக்கொண்டு, சர்வரிலிருந்து நீக்கிவிடுங்கள்.